கேளிக்கைப் பூங்காக்கள் உயரத்தைத் துரத்துவதை நிறுத்தட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேளிக்கைப் பூங்காக்கள் தம் பணத்தையும் நிலத்தையும் முதலில் எதற்கு ஒதுக்க வேண்டும், வயிற்றைப் புரட்டும் அதிவேகச் சவாரிகளுக்கா அல்லது ஒரு கதையின் உலகத்துக்குள்ளேயே நடமாடுகிறோம் என்ற உணர்வைத் தரும் சூழல் வளாகங்களுக்கா என்ற கேள்வியைப் பற்றிச் சில கருத்துகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். இரண்டும் வேண்டும் என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் பூங்காவை நடத்துபவர் ஓர் ஆண்டின் முதலீட்டைத் தீர்மானிக்க உட்காரும்போது இரண்டையும் ஒரே அளவில் செய்ய முடிவதில்லை; ஒன்று முந்துகிறது, மற்றது காத்திருக்கிறது. முந்த வேண்டியது இடம்தான் என்பது என் உறுதியான எண்ணம். ரோலர் கோஸ்டரின் முதல் இறக்கத்தில், உடல் இருக்கையை விட்டு மேலெழும் அந்த நொடியை மிகவும் விரும்புகிறவன் என்ற முறையிலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். பெரிய ரோலர் கோஸ்டர் ஒன்றில் ஏறி இறங்க இரண்டு அல்லது மூன்று நிமிடம் ஆகும். கூட்டம் மிகுந்த நாளில் அதற்காக ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க நேரிடும். காலையில் உள்ளே நுழைந்து இரவில் வெளியேறும் ஒரு குடும்பம் அப்படிப்பட்ட ஆறு சவாரிகளில் ஏறிவிட்டாலும், அவர்கள் உண்மையில் பாய்ந்துகொண்டிருந்த நேரம் மொத்தமாகக் கூட்டினால் இருபது நிமிடத்தைத் தாண்டாது. மற்ற நேரமெல்லாம் அவர்கள் நடக்கிறார்கள், நிற்கிறார்கள், உண்கிறார்கள், ஓர் இருக்கையைத் தேடுகிறார்கள், ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கிறார்கள். அந்த நேரம் முழுவதும் தார்த்தளத்திலும் இரும்புத் தடுப்புகளுக்கு நடுவிலும் கழியுமானால், அந்தப் பூங்கா தன் விருந்தினரின் நாளில் மிகச் சிறிய பகுதியை மட்டுமே வடிவமைத்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

சவாரியில் ஏறவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். பெரிய ரோலர் கோஸ்டர்களில் பெரும்பாலானவை 120 முதல் 140 செ.மீ. உயரத்தைக் குறைந்தபட்ச வரம்பாக வைத்திருக்கின்றன. கருவுற்றவர்கள், இதய நோயுள்ளவர்கள், கழுத்திலும் முதுகிலும் வலியுள்ளவர்கள் ஏறக் கூடாது என்று வாசலிலேயே எச்சரிக்கை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இவை தேவையான விதிகள். இவற்றைத் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் சேர்ந்து வரும் கூட்டத்தில் எப்போதும் ஒருவராவது பைகளைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறார். நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டுதான் அவரும் உள்ளே வந்திருக்கிறார். அவருக்கென்று அந்தப் பூங்கா என்ன வைத்திருக்கிறது என்பதே ஒரு பூங்காவை அளக்க நான் முதலில் எடுக்கும் அளவுகோல்.

உயரப் போட்டியின் வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள சீடர் பாயிண்ட் பூங்கா 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் மில்லேனியம் ஃபோர்ஸ் என்ற ரோலர் கோஸ்டரை 310 அடி உயரத்தில் திறந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே ஜப்பானின் நாகஷிமா பூங்கா 318 அடி உயரமுள்ள ஸ்டீல் டிராகன் 2000-ஐத் திறந்து அந்தச் சாதனையைப் பறித்துக்கொண்டது. பெரும் பொருட்செலவில் வாங்கிய பட்டம் மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. 2003-இல் சீடர் பாயிண்ட் 420 அடிக்குச் சென்றது. 2005-இல் நியூ ஜெர்சியில் உள்ள சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்கா கிங்டா கா என்ற சவாரியை 456 அடிக்கு உயர்த்தி, மணிக்கு 206 கி.மீ. வேகத்தில் பயணிகளைச் செலுத்தியது. அந்தச் சவாரி ஒரு நிமிடம்கூட நீடிக்காது. அதன் உந்துவிசை இயந்திரம் பழுதாகி மூடிக் கிடந்த நாட்கள் பல. 2024-இல் அது நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. காட்டு நிலத்துப் பொன்னுலகம் ஒன்றின் கதை அதற்கும் இருந்தது என்பது பலருக்கு நினைவிருக்காது. இருபது ஆண்டுகளில் அந்தக் கதை அங்கே வேர்விடவே இல்லை. மக்கள் அறிந்ததெல்லாம் ஓர் எண்தான். அந்த எண்ணைவிடப் பெரிய எண் எங்கேனும் வந்துவிட்டால் அந்தக் கோபுரத்துக்குச் சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு வரலாறும் உண்டு. இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் மரங்களின் உச்சிக்கு மேல் எதையும் கட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. 1994-இல் அங்கே நெமிசிஸ் என்ற ரோலர் கோஸ்டரை உருவாக்கிய ஜான் வார்ட்லியும் அவரது குழுவினரும், மேலே போக முடியாதென்றால் கீழே போவோம் என்று பாறையைத் தகர்த்துப் பள்ளம் தோண்டினார்கள். நிலத்துக்கு அடியிலிருந்து எழுந்த வேற்றுலக உயிரொன்றை இரும்புத் தண்டவாளம் கட்டிப்போட்டிருக்கிறது என்பது கதை. பள்ளத்தில் சிவப்பு நீர் வழிகிறது. பாறைச் சுவர்களுக்கு இடையில், இருக்கையின் கீழே கால்கள் தொங்க, பயணிகள் விரைகிறார்கள். அதன் உயரம் வெறும் 13 மீட்டர். வேகம் மணிக்கு ஏறத்தாழ 80 கி.மீ. சாதனைப் பட்டியல்களில் அந்த எண்களுக்கு இடமே கிடையாது. 2022 இறுதியில் தேய்ந்துபோன தண்டவாளத்தை மாற்றுவதற்காக அது மூடப்பட்டபோது, பூங்கா அதை இடித்துவிட்டு வேறொன்றைக் கட்டவில்லை. அதே பள்ளத்தில், அதே வளைவுகளில், புதிய தண்டவாளத்தைப் பதித்து 2024 மார்ச்சில் மீண்டும் திறந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டு ஓடிய பிறகும் ஓர் இயந்திரத்தை அதன் உருவம் மாறாமல் மறுபடி கட்ட ஒரு நிர்வாகம் செலவிடுகிறதென்றால், அந்த மதிப்பு அந்தப் பாறையோடும் பள்ளத்தோடும் சேர்ந்தே உண்டானது.

சூழல் என்பது அச்சம் தாங்காதவர்களுக்கான மென்மையான மாற்று என்று சாகச விரும்பிகள் பலர் நினைக்கிறார்கள். இது தவறான கருத்து என்பதை ஜெர்மனியின் ஃபாண்டாசியாலாண்ட் பூங்கா காட்டியிருக்கிறது. குடியிருப்புகளுக்கு அருகில் அமைந்திருப்பதால் அங்கும் உயரமாகக் கட்ட வழியில்லை. 2016-இல் திறக்கப்பட்ட டாரோன் என்ற சவாரி 30 மீட்டர் உயரம்தான். உச்ச வேகம் மணிக்கு 117 கி.மீ. ஆனால் க்ளுக்ஹைம் என்ற கரும்பாறைக் கிராமத்தின் ஊடாகவும் மேலாகவும் அடியிலும் 1,320 மீட்டர் நீளத்துக்கு ஓடும் அந்தத் தண்டவாளம் தன்னைத்தானே 116 இடங்களில் குறுக்கே கடக்கிறது. வேகத்தை நம் கண்கள் உணர்வது பக்கத்தில் இருக்கும் பொருள்கள் எவ்வளவு விரைவாகப் பின்னோக்கி ஓடுகின்றன என்பதைக் கொண்டுதான். வெட்டவெளியில் 100 மீட்டர் உயரத்தில் செல்லும்போது அருகில் எதுவும் இல்லை. தொலைவான நிலம் மெதுவாக நகர்கிறது. பாறையும் பாலமும் கூரையும் தலைக்குப் பக்கத்தில் பாயும்போது அதைவிடக் குறைந்த வேகமே மூச்சை நிறுத்துகிறது. ஆகவே அந்தப் பாறைகளை அலங்காரச் செலவு என்று கணக்கெழுதுவது தவறு. சாகசத்தின் பெரும்பகுதியை உண்டாக்குவதே அவைதான். அதோடு, சவாரி செய்யாதவரும் அந்தக் கிராமத்தில் நடந்தபடி, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் வண்டிகள் சீறிச் செல்வதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரே முதலீடு இரு தரப்பினருக்கும் போய்ச் சேர்கிறது.

இன்னொரு செய்தியையும் சாகச ஆர்வலர்கள் கவனிக்க வேண்டும். இன்றைய ரோலர் கோஸ்டர்கள் தலைகீழாகவும் திருகாகவும் சுழல்வதற்கு அடிப்படையாக இருப்பது குழாய் வடிவ எஃகுத் தண்டவாளம். அந்தத் தண்டவாளத்தைப் பயன்படுத்திய முதல் ரோலர் கோஸ்டர், 1959-இல் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் திறக்கப்பட்ட மேட்டர்ஹார்ன். சுவிட்சர்லாந்து மலையொன்றின் உருவத்தைக் கட்டி, அதன் குகைகளுக்குள் பனிச்சறுக்கு வண்டிகளை ஓட்ட வேண்டும் என்ற விருப்பத்திலிருந்துதான் அந்தத் தொழில்நுட்பம் செயலுக்கு வந்தது. கதையைத் தேடிப் போனவர்கள் பொறியியலையும் சேர்த்தே முன்னேற்றினார்கள்.

சூழலின் வலிமைக்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று, ஆர்லாண்டோவின் யுனிவர்சல் பூங்காவில் 2010 ஜூன் மாதம் திறக்கப்பட்ட ஹாரி பாட்டர் வளாகம். அங்கே மூன்று சவாரிகள் இருந்தன. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் புதியது. மற்ற இரண்டும் அதே இடத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ரோலர் கோஸ்டர்கள். பெயரையும் தோற்றத்தையும் மாற்றிக் கதைக்குள் சேர்த்துக்கொண்டார்கள். பனி படர்ந்த கூரைகளும் குறுகிய தெருவும் பாறைமேல் நிற்கும் கோட்டையும் சுற்றிலும் எழுந்த பிறகு அந்தப் பூங்காவுக்கு வரும் கூட்டம் பெருமளவு கூடியது. பின்னர் 2017-இல் அந்தப் பழைய சவாரிகளில் பெரியதை அகற்றிவிட்டு, 2019-இல் அதே இடத்தில் ஒரு செயற்கைக் காட்டை வளர்த்து, அதற்குள் மோட்டார் சைக்கிளில் செல்வது போன்ற புதிய ரோலர் கோஸ்டரை அமைத்தார்கள். இடத்துக்கு ஏற்ற சாகசம் பிறகு வந்து சேர்ந்தது. இந்த வரிசையைத்தான் நான் வலியுறுத்துகிறேன்: இடம் முதலில், அந்த இடத்திலிருந்து பிறக்கும் சவாரி அடுத்து.

வரிசை மாறினால் செலவு இரட்டிப்பாகிறது. டிஸ்னி நிறுவனமே 2001-இல் கலிஃபோர்னியா அட்வெஞ்சர் என்ற இரண்டாவது பூங்காவை, சூழல் அமைப்பில் சிக்கனம் காட்டி, பொருட்காட்சித் திடல்களில் காண்பது போன்ற வழக்கமான சவாரிகளோடு திறந்தது. பக்கத்திலேயே இருந்த டிஸ்னிலாந்தைப் பார்த்துப் பழகியவர்களை அது கவரவில்லை. பிறகு நூறு கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, நுழைவாயில் தொடங்கி அந்தப் பூங்காவை மறுபடி உருவாக்கி 2012-இல் முடித்தார்கள். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது.

இங்கே சூழல் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். ஏனெனில் அந்தப் பெயரில் விற்கப்படும் பலவற்றை நான் ஆதரிக்கவில்லை. முகப்பில் வண்ணச்சுவர் ஒன்றை எழுப்பிவிட்டுப் பின்னால் வரிசையாகக் கடைகளை வைப்பது சூழல் ஆகாது. ஆடும் இருக்கையில் அமரவைத்துப் பெரிய திரையில் படம் காட்டி, பலருக்குத் தலைச்சுற்றலை மட்டும் தந்து அனுப்புவதும் ஆகாது. 1955-இல் டிஸ்னிலாந்தைக் கட்டியவர்கள் அதைச் சுற்றி மண்மேடு ஒன்றை எழுப்பி, வெளியிலுள்ள சாலைகளும் கட்டடங்களும் கண்ணில் படாமல் செய்தார்கள். முதன்மைத் தெருவின் மேல்மாடிகளைக் கீழ்த்தளத்தைவிடச் சிறிய அளவில் கட்டி, கட்டடங்கள் உயர்ந்து தெரியும்படி அமைத்தார்கள். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும்போது காலடித் தரையும் காதில் விழும் இசையும் செடிகளும் சேர்ந்தே மாறுகின்றன. பார்வையாளர் இதில் எதையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டியதில்லை. வேறொரு இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அவர் உடல் அறிந்துகொள்கிறது.

இதற்குப் பெரிய நிறுவனங்களின் செல்வம் வேண்டும் என்பதும் உண்மையன்று. நெதர்லாந்தின் எஃப்டெலிங் பூங்கா 1952-இல் ஓவியர் ஆன்டன் பீக் வடிவமைத்த தேவதைக் கதைக் காட்டோடு பெயர்பெற்றது. தொடக்கத்தில் பத்துக் கதைகள் மட்டுமே அங்கே இருந்தன. மரங்களுக்கு இடையே வளைந்து செல்லும் பாதையில் நடந்து, குடிசையின் சன்னலுக்குள் எட்டிப் பார்ப்பதும், கழுத்து நீளும் வேலைக்காரனை அண்ணாந்து பார்ப்பதும்தான் அதன் முழு அனுபவம். உயர வரம்பு கிடையாது, இருக்கைப் பட்டை கிடையாது. எழுபது ஆண்டுகளைக் கடந்தும் அந்தக் காடு அந்தப் பூங்காவின் இதயமாகவே இருக்கிறது. அதன் முதல் பெரிய ரோலர் கோஸ்டர் 1981-இல்தான் வந்தது. 2015-இல் அவர்கள் கட்டிய பாரோன் 1898 என்ற சவாரியில், பேராசை கொண்ட சுரங்க முதலாளியிடம் வேலைக்குச் சேரும் தொழிலாளராகப் பயணி மாறுகிறார். புதையலைக் காக்கும் ஆவிகள் எச்சரிக்கின்றன. அதன் பின்னரே வண்டி ஏறத்தாழச் செங்குத்தாக, 37.5 மீட்டர் ஆழத்துக்குச் சுரங்கவாயிலுக்குள் விழுகிறது. விழுவதற்கு ஒரு காரணம் இருப்பதால் அந்த வீழ்ச்சி இன்னும் அச்சமூட்டுகிறது. பிரான்சின் பூய் டு ஃபூ பூங்காவோ ரோலர் கோஸ்டர் எதையும் கட்டாமல், வரலாற்றுக் கிராமங்களையும் மாபெரும் நேரடி நிகழ்த்துகலைகளையும் மட்டும் நம்பி ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேற்பட்டோரை வரவழைக்கிறது.

எதிர்த்தரப்பினர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. சீடர் பாயிண்ட் போன்ற பூங்கா பெரிய கதை எதுவும் சொல்லாமலே தலைமுறைகளாக நேசிக்கப்படுகிறது. ஏரிக்குள் நீண்டிருக்கும் நிலத்தில் அது அமைந்திருப்பதால், நீரைப் பார்த்தபடி ஏறும் அனுபவத்தை இயற்கையே அதற்குத் தந்துவிட்டது என்றாலும், இயக்கத்தின் தூய இன்பத்துக்காகவே அங்கே செல்பவர்கள் ஏராளம். அவர்களுடைய விருப்பத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அதேபோல, சூழலை மட்டும் கட்டிவிட்டுச் செய்வதற்கு எதையும் வைக்காத இடமும் ஏமாற்றம் தருகிறது. 2019-இல் டிஸ்னிலாந்தில் பெருஞ்செலவில் திறக்கப்பட்ட விண்வெளி வளாகத்தில் முதல் நாளில் ஒரே ஒரு சவாரிதான் இயங்கியது. இரண்டாவது அடுத்த ஆண்டு தொடக்கத்தில்தான் வந்தது. அந்த இடைவெளியில் அழகான தெருக்களில் நடந்து முடித்தவர்களுக்கு, அடுத்து என்ன என்ற கேள்வி எழுந்தது இயல்பே. புகழ்பெற்ற திரைக்கதைகளை மட்டும் நம்பிக் கட்டப்படும் வளாகங்களுக்கு, அந்தக் கதையின் மவுசு குறையும்போது என்ன ஆகும் என்ற கவலையும் எனக்கு உண்டு. யாருடைய உரிமத்தையும் வாங்காமல் தாமே கதையைப் படைத்த பூங்காக்களையே நான் மேலாக மதிக்கிறேன்.

சூழலை ஆதரிப்பவர்கள் பேசத் தயங்கும் பொருள் பராமரிப்பு. ரோலர் கோஸ்டரில் ஒரு சக்கரம் தேய்ந்தால் சவாரியே ஓடாது. ஆகவே அதற்குப் பணம் உடனே ஒதுக்கப்படுகிறது. ஆனால் ஒரு பொம்மையின் கை அசையாமல் போனாலும், அருவி வற்றினாலும், சுவரின் வண்ணம் உரிந்தாலும் பூங்கா திறந்தே இருக்கும். அதனால் அந்தச் செலவு அடுத்த ஆண்டுக்கும் அதற்கடுத்த ஆண்டுக்கும் தள்ளப்படுகிறது. 2006-இல் ஃபுளோரிடாவின் டிஸ்னி பூங்காவில் திறக்கப்பட்ட எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் சவாரியின் முடிவில் பயணிகளை நோக்கிக் கைவீசிய பிரம்மாண்டமான பனிமனிதன், சில ஆண்டுகளுக்குள்ளேயே அசைவை நிறுத்திவிட்டான். மின்னி மறையும் விளக்கைப் பாய்ச்சி அவன் அசைவது போன்ற தோற்றத்தை உண்டாக்கித்தான் பின்னர் சமாளித்தார்கள். மலைக்குள் ஆழப் பதிந்திருக்கும் அவ்வளவு பெரிய இயந்திரத்தைச் சரிசெய்வது எளிதன்று என்பது புரிகிறது. ஆனால் அந்த மலை முழுவதும் சொல்லிவந்த கதையின் உச்சம் அவன்தான். அவன் நின்றுபோனால் சவாரி ஓடுகிறது, கதை நின்றுவிடுகிறது.

எனவே புதிதாகப் பூங்கா அமைப்பவர்களிடமும், இருக்கும் பூங்காவை விரிவாக்குபவர்களிடமும் நான் கேட்பது இவைதான். ஒரு பெரிய சவாரிக்கான பணம் கையில் இருந்தால், அதில் ஒரு பகுதியை எடுத்து முதலில் நிழலும் இருக்கையும் நீரும் மரமும் கொண்ட ஒரு கதைக்களத்தை அமையுங்கள்; வெளியுலகம் கண்ணில் படாதபடி அதற்கு எல்லை வகுங்கள்; சவாரியின் வரிசையை அந்தக் கதையின் முதல் அத்தியாயமாக்குங்கள்; மீதிப் பணத்தில் உயரம் குறைந்த சவாரிதான் கிடைக்கும் என்றால் அதையே தயங்காமல் வாங்கி, பாறைக்கும் மரத்துக்கும் நெருக்கமாக ஓடவிடுங்கள். தொடக்கச் செலவைத் திட்டமிடும் அன்றே, ஆண்டுதோறும் அந்தச் சூழலைப் பேணுவதற்கான தொகையையும், இயந்திரப் பாதுகாப்புக்கு ஒதுக்குவது போலவே, கைவைக்க முடியாத கணக்காக எழுதி வையுங்கள். புதிய சவாரியை அறிவிக்கும்போது எத்தனை அடி, எத்தனை கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்யும் நிர்வாகங்களிடம், அதில் ஏறாதவர்கள் அந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள், என்ன பார்ப்பார்கள் என்ற கேள்வியைப் பத்திரிகைகளும் தவறாமல் கேட்க வேண்டும் என்று தங்கள் வாயிலாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்